லைனில் நின்றவர்கள்: திருப்பூர்ப் பனியன் தொழிலுக்கு ஆள் சேர்ந்த வரலாறு

திருப்பூரின் வரலாறு பெரும்பாலும் மூன்று கோணங்களில் எழுதப்பட்டு வந்திருக்கிறது. பருத்திச் சந்தையாக இருந்த ஊர், 2024-25-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் மதிப்புள்ள பின்னலாடைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பும் நகரமாக உயர்ந்த ஏற்றுமதியின் வரலாறு ஒன்று. தோட்டத்தையும் கிணற்றையும் நம்பியிருந்த குடியானவர்கள் தொழிலதிபர்களான வரலாறு மற்றொன்று. சாயக்கழிவு நொய்யல் ஆற்றைப் பாழாக்கிய வரலாறு மூன்றாவது. இம்மூன்றையும் தாங்கி நிற்கும் நான்காவது வரலாறு ஒன்று உண்டு. அது, அத்தனை துணியையும் வெட்டவும் தைக்கவும் மடிக்கவும் தேவைப்பட்ட மனிதர்கள் எந்தெந்த ஊர்களிலிருந்து, யாருடைய சொல்லை நம்பி, எந்த உறுதிமொழியின்பேரில் இந்நகருக்கு வந்தார்கள் என்னும் ஆள் சேர்ப்பின் வரலாறு. தொழில் ஒவ்வொரு முறை விரிந்தபோதும் அருகிலிருந்த ஊர்களின் ஆட்கள் போதாமல் போனார்கள். ஒவ்வொரு முறையும் வலை இன்னும் தொலைவில் வீசப்பட்டது. தொலைவு கூடக்கூட, அழைத்து வந்தவருக்கும் அழைத்து வரப்பட்டவருக்கும் இடையிலிருந்த பொறுப்பு மெலிந்துகொண்டே வந்தது. திருப்பூரின் நூறாண்டைப் புரிந்துகொள்ள இந்த மெலிவைப் பின்தொடர்வது இன்றியமையாதது.

இவ்வரலாற்றின் மையச் சொல் 'லைன்' என்பதாகும். பனியன் கம்பெனியில் தையல் இயந்திரங்கள் வரிசையாக நிறுத்தப்பட்ட மேசைத் தொடருக்கு லைன் என்றும், ஒரே மோட்டாரில் பல இயந்திரங்கள் இயங்கிய பழைய அமைப்பின் நினைவாகப் 'பவர் டேபிள்' என்றும் பெயர். கட்டிங் மாஸ்டர் வெட்டித் தரும் துணித்துண்டுகளை ஓவர்லாக் இயந்திரக்காரர் ஓரம் பிசிறாமல் இணைக்கிறார். பேட்லாக் இயந்திரக்காரர் கையையும் அடிமடிப்பையும் தைக்கிறார். சிங்கர் டெய்லர் கழுத்துப்பட்டி, பை, லேபிள் போன்ற நுணுக்க வேலைகளைச் செய்கிறார். இவர்களுக்கு இடையே துண்டுகளை எடுத்துக் கொடுத்து, மடித்து, நூல் வெட்டி, அடுத்த இயந்திரத்துக்கு நகர்த்துபவருக்குக் 'கைமடி' என்று பெயர். பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். இவர்களில் எவரும் ஒரு முழுச் சட்டையைத் தைப்பதில்லை. ஆனால் எவர் ஒருவர் வராவிட்டாலும் சட்டை முழுமை பெறுவதில்லை. ஆகவே பனியன் தொழிலில் ஆள் சேர்ப்பது என்பது தனி ஆளைச் சேர்ப்பதாக என்றும் இருந்ததில்லை. ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் ஒரு வரிசையைக் கட்டுவதாகவே இருந்து வந்திருக்கிறது.

பருத்திக் காலம்

பனியனுக்கு முன்பே திருப்பூர் வெளியூர் ஆட்களை ஈர்க்கத் தொடங்கிவிட்டது. 1860-களின் தொடக்கத்தில் சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த இருப்புப்பாதை இவ்வூர் வழியாகச் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிணற்றுப் பாசனத்துக்கு ஏற்ற கம்போடியாப் பருத்தி கோவை மாவட்டத்தில் பரவியபோது, சுற்றுவட்டாரப் பருத்தி திருப்பூர்ச் சந்தையில் குவிந்தது. பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் அரவை ஆலைகளும், பஞ்சை அழுத்திக் கட்டும் பேல் அச்சகங்களும் இரயில் நிலையத்தைச் சுற்றி எழுந்தன. இவ்வேலை பருவத்தைச் சார்ந்தது. பருத்தி வரும் மாதங்களில் அருகிலுள்ள கிராமங்களின் பெண்கள் கூட்டமாக வந்து வேலை செய்துவிட்டு, பருவம் முடிந்ததும் காட்டு வேலைக்குத் திரும்பினார்கள். யாரும் யாரையும் தேடிப்போய்ச் சேர்க்க வேண்டிய தேவை அன்று இருக்கவில்லை. நடந்தே வரும் தொலைவில் இருந்த வறட்சியே ஆள் சேர்க்கும் முகவராக இருந்தது.

1920-களில் கதர் இயக்கம் இவ்வூரைத் தமிழ்நாட்டுக் கதர் வணிகத்தின் தலைமையிடமாக்கியது. ஊர் ஊராக நூற்ற நூலும் நெய்த துணியும் இங்கே வந்து சேர்ந்து, இங்கிருந்து விற்பனைக்குச் சென்றன. 1932 ஜனவரியில் விடுதலைப் போராட்டத்தில் கொடியேந்திச் சென்று காவலர் தடியடியில் உயிர்நீத்த குமரன் இந்த ஊரில் பிறந்தவர் அல்லர். சென்னிமலையில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புத் தேடித் திருப்பூருக்கு வந்தவர். இந்நகரம் தன் பெயரோடு சேர்த்துச் சொல்லும் மனிதரே வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த ஓர் இளைஞர் என்பது, பின்னர் வந்த இலட்சக்கணக்கானவர்களைப் பற்றிப் பேசும்போது மறக்கத்தகாத உண்மை.

உறவின் வழியே வந்தவர்கள்

பின்னலாடைத் தொழில் திருப்பூரில் 1925-ஐ ஒட்டி, குலாம் காதர் நிறுவிய கையால் சுற்றும் பின்னல் இயந்திரங்களோடு தொடங்கியதாகத் தொழில் வரலாறு குறிக்கிறது. கல்கத்தாவும் லூதியானாவும் அதற்கு முன்பே இத்தொழிலில் ஊன்றியிருந்தன. 1930-களில் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் கொங்குப் பகுதிக்கு வந்தபின் கோவையில் பஞ்சாலைகள் பெருகியதைப்போலவே, திருப்பூரில் பனியன் கம்பெனிகளும் பெருகின. நூல் பின்னுதல் முதல் பெட்டியில் அடுக்குதல் வரை ஒரே கூரையின்கீழ் நடந்த அக்காலக் கம்பெனிகளில் ஆண் தொழிலாளர்களே பெரும்பான்மையாக இருந்தார்கள். தொழிற்சங்கங்கள் வேரூன்றின, நிரந்தர வேலையும், விலைவாசி உயர்வுக்கு ஈடாகத் தரப்படும் பஞ்சப்படியும் கோரிக்கைகளாக எழுந்தன.

நாடு விடுதலை பெற்றபின் வந்த இருபது முப்பது ஆண்டுகளில் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து சிறு உழவர் குடும்பத்து இளைஞர்கள், குறிப்பாகக் கொங்கு வேளாளக் கவுண்டர்கள், தொழிலாளர்களாகக் கம்பெனிகளுக்குள் வந்தார்கள். மழையும் கிணறும் பொய்த்த காலங்களில் ஒரு வீட்டின் அண்ணன் முதலில் வருவார். வேலை பழகியபின் தம்பியையும் மாமன் மகனையும் அழைத்துவருவார். இவ்வாறு வந்தவர்களில் ஒரு பகுதியினர் இயந்திரத்தின் நுட்பத்தையும் வணிகத்தின் கணக்கையும் கற்று, உறவினரோடு பங்கு சேர்ந்து, வாடகைக்கு நான்கைந்து இயந்திரம் எடுத்து முதலாளிகளானார்கள். புவியியல் ஆய்வாளர் ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட தம் நூலில், தங்கள் உயர்வுக்கு இவர்கள் கூறும் காரணம் 'உழைப்பு' என்னும் ஒற்றைச் சொல்லாகவே இருப்பதை எடுத்துக்காட்டி, அந்த உழைப்பு எவ்வாறு சாதி உறவு, நிலவுடைமை, கடன் பெறும் வாய்ப்பு ஆகியவற்றோடு சேர்ந்து மூலதனமாக மாறியது என்பதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

உறவின் வழியே நடந்த இந்த ஆள் சேர்ப்புக்கு ஒரு சிறப்பும் ஒரு குறையும் இருந்தன. அழைத்து வந்தவர் அதே ஊர்க்காரர் என்பதால், கூலி தராமல் ஏமாற்றினால் ஊர்த் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் அவர் பதில் சொல்லியாக வேண்டும். அச்சொல்லுக்கு ஊரே சாட்சி. அதே வேளையில், அந்த வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. கொங்கு நாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் பண்ணையாட்களாக, அதாவது ஆண்டுக்கூலியும் முன்கடனும் பெற்று ஒரே நிலத்தோடு கட்டுண்ட வேலையாட்களாக இருந்த அருந்ததியர்கள் மிகப் பிந்தியே பனியன் கம்பெனிகளுக்குள் நுழைய முடிந்தது. அவர்களில் பலருக்கு, முதலாளி யாரென்று தெரியாத நகர வேலையே முதல் விடுதலையாக இருந்தது. உறவு ஒருவருக்குப் பாதுகாப்பாகவும் மற்றவருக்கு வேலியாகவும் ஒரே நேரத்தில் இருந்தது என்பதை இவ்வரலாற்றை எழுதுவோர் நேர்மையாகப் பதிவு செய்தாக வேண்டும்.

கான்ட்ராக்டரின் சொல்

1984-இல் பஞ்சப்படியை முன்வைத்துத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரத்தின் நினைவில் இன்றும் நிற்கும் அந்தப் போராட்டம் ஒரு காலத்தின் உச்சமாகவும் அதன் முடிவாகவும் அமைந்தது. ஒரே கூரையின்கீழ் நடந்த வேலைகள் அதற்கு முன்பே பிரியத் தொடங்கியிருந்தன. அதன்பின் அப்பிரிவு வேகம் பெற்றது. நிட்டிங் ஓரிடத்திலும், சாயம் மற்றோரிடத்திலும், தையல் வேறோரிடத்திலும் 'ஜாப் ஒர்க்' என்னும் கூலி வேலையாக நடந்தன. மின்சக்தியைப் பயன்படுத்திப் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்துக்கே 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பொருந்தியது என்பதால், சிறு சிறு பட்டறைகளாகப் பிரிந்த தொழிலில் பலர் அச்சட்டத்தின் நிழலுக்கு வெளியே போனார்கள்.

இதே காலத்தில்தான் ஏற்றுமதி பெருகியது. 1970-களின் இறுதியில் இத்தாலிய வணிகர்கள் வழியாகத் தொடங்கிய ஏற்றுமதி, 1980-களின் நடுவில் ஆண்டுக்குப் பத்துக் கோடி ரூபாய் அளவில் இருந்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான கோடிகளைத் தொட்டது. வெள்ளைப் பனியனும் ஜட்டியும் தைத்த ஊர் வண்ண டி-சர்ட்டுகளைத் தைக்கத் தொடங்கியது. வெளிநாட்டு ஆர்டர் பருவத்தோடு வரும். கப்பல் நாள் தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும். ஆகவே ஆர்டர் வந்த நாளில் முழு லைனும் வேண்டும். ஆர்டர் முடிந்த நாளில் அந்த லைனுக்குக் கூலி தரும் கடமை இருக்கக் கூடாது. இந்த இரட்டைத் தேவையை நிறைவு செய்தவர் பவர் டேபிள் கான்ட்ராக்டர். பெரும்பாலும் தாமே முன்னாள் டெய்லரான அவர், ஓவர்லாக், பேட்லாக், சிங்கர், கைமடி என்று ஒரு முழு அணியைத் தம் பொறுப்பில் வைத்திருந்து, பீஸ் ரேட்டுக்கு, அதாவது ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வேலையை ஏற்றார். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட் என்னும் திருப்பூர்க் கணக்கு தொழிலாளர் பேச்சில் நிலைபெற்றது.

அணியை நிரப்பக் கொங்கு நாடு போதவில்லை. மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை, தஞ்சை எனத் தென்மாவட்டங்களிலிருந்தும் காவிரிக் கழிமுகத்திலிருந்தும் குடும்பங்கள் வந்தன. ஊருக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திரும்பும் டெய்லரே இங்கு ஆள் சேர்ப்பவராக இருந்தார். அவர் அணிந்திருந்த புதுச் சட்டையும் கையிலிருந்த போனஸ் பணமும் அவர் சொல்லுக்குச் சான்றாக இருந்தன. மழை நம்பி விதைக்கும் வானம் பார்த்த பூமியில், வாரந்தோறும் சனிக்கிழமை கையில் காசு விழும் வேலை என்பது சாதாரண உறுதிமொழி அன்று. பெண்கள் பெருமளவில் லைனுக்குள் வந்ததும் இக்காலத்தில்தான். கணவர் டெய்லர், மனைவி செக்கிங், மூத்த பிள்ளை கைமடி எனக் குடும்பமே ஒரு லைனில் நின்றது.

அந்த மூத்த பிள்ளையைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். 1980-களிலும் 1990-களிலும் கைமடி வேலையில் நின்றவர்களில் பலர் சிறுவர் சிறுமியர். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இருந்தும் இந்நிலை நீடித்தது. அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் அழுத்தமும், உள்ளூர்த் தொண்டு அமைப்புகளின் இடைவிடாத உழைப்பும், பள்ளிக் கல்வியின் பரவலும் சேர்ந்த பிறகே அது வெகுவாகக் குறைந்தது. அன்று படிப்பை விட்டுவந்த குழந்தைகளின் ஆண்டுகளை எந்த ஏற்றுமதிக் கணக்கும் வரவில் வைக்கவில்லை.

வந்த குடும்பங்கள் தங்கிய இடத்துக்கும் 'லைன் வீடு' என்றே பெயர். ஒரே ஓட்டின்கீழ் ஒற்றை அறைகள் வரிசையாக அமைய, முற்றத்தில் பொதுக் குழாயும் கடைசியில் பொதுக் கழிப்பறையும் இருக்கும். இந்தச் சொல்லுக்குத் தமிழர் வரலாற்றில் மூத்த உறவொன்று உண்டு. இலங்கை மலையகத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் குடியமர்த்தப்பட்ட வரிசை வீடுகள் லயம் என்றும் லயன் என்றும் அழைக்கப்பட்டன. அதே ஆங்கிலச் சொல்லின் இன்னொரு வடிவம் அது. தேயிலைக்கும் ரப்பருக்கும் ஆள் சேர்த்த கங்காணியும் தம் ஊருக்குத் திரும்பித் தம் உறவினரையும் சாதியினரையும் முன்பணம் கொடுத்து அழைத்துச் சென்றவரே. தோட்டத்தில் அவர்களை மேற்பார்த்து, தலைக்கு இவ்வளவு என்று பணம் பெற்றவரும் அவரே. மலாயாவுக்கு இவ்வாறு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. பவர் டேபிள் கான்ட்ராக்டர் கங்காணியின் நேர் வாரிசு அல்லர். திருப்பூரில் ஒரு டெய்லர் இன்று ஒரு கம்பெனியிலும் நாளை எதிர்க் கம்பெனியிலும் வேலைக்குச் செல்ல முடிந்தது, நல்ல டெய்லருக்காகக் கான்ட்ராக்டர்கள் போட்டியிட்டார்கள். ஆயினும், வேலை கொடுப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் நடுவே ஓர் ஊர்க்காரரை நிறுத்தி, அவர் வழியாக ஆளையும் பெற்று, பொறுப்பையும் தள்ளிவிடும் முறை இரண்டுக்கும் பொதுவானது.

விடுதியின் கதவு

1990-களின் பிற்பகுதியில் ஆள் சேர்ப்பு வேறொரு வடிவம் எடுத்தது. அது பெரும்பாலும் திருப்பூருக்கு நூல் தரும் நூற்பாலைகளில், கோவை, ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களையும் தழுவிப் பரவியது. கணவன் வாழும் பெண்ணைக் குறிக்கும் மங்கலச் சொல்லைத் தாங்கிய 'சுமங்கலித் திட்டம்' என்னும் பெயரில், திருமணமாகாத இளம்பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டு, ஆலை வளாகத்து விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள். மாதந்தோறும் சிறு தொகையும், மூன்றாண்டு முடிவில் முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரையிலான மொத்தத் தொகையும் தரப்படும் என்பது உறுதிமொழி. வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றமாக இருந்தும், அந்தத் தொகை கல்யாணச் செலவுக்கென்றே பெற்றோரிடம் சொல்லப்பட்டது. கிராமங்களில் சுற்றிய தரகர்கள் துண்டறிக்கை கொடுத்து, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, சாப்பாடும் பாதுகாப்பும் பற்றிப் பெற்றோரிடம் பேசினார்கள்; கையெழுத்திட்டவர் தகப்பனார், வேலைக்குப் போனவர் மகள்.

அந்த மொத்தத் தொகை பரிசு அன்று. பெண்களின் சொந்தக் கூலியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்ட பகுதியே அது. நோயாலோ துயராலோ மூன்றாண்டுக்கு முன் வெளியேறியவர்கள் அதை இழக்க நேர்ந்ததையும், விடுதியிலிருந்து வெளியே செல்லவும் வீட்டாரோடு பேசவும் கட்டுப்பாடுகள் இருந்ததையும், சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதையும் நெதர்லாந்தைச் சேர்ந்த இரு அமைப்புகள் 2011-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. தமிழகத் தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இதைப் பேசி வந்திருந்தன. பெண்கள் தங்கும் விடுதிகளைப் பதிவு செய்யவும் ஆய்வு செய்யவும் வகை செய்யும் சட்டத்தைத் தமிழ்நாடு 2014-இல் இயற்றியது. மூன்றாண்டு ஒப்பந்தம் என்னும் வடிவம் பின்னர் மங்கியபோதும், விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கும் முறை தொடர்ந்தது.

இது கொங்கு நாட்டுக்கு மட்டும் உரிய வரலாறு அன்று. அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்து லோவெல் நகரப் பருத்தி ஆலைகள் 1820-களிலிருந்து உழவர் வீட்டு இளம்பெண்களைச் சேர்த்து, கண்காணிப்பாளர் பொறுப்பில் இருந்த விடுதிகளில் தங்கவைத்தன. கூலிக் குறைப்பையும் விடுதிக் கட்டண உயர்வையும் எதிர்த்து அப்பெண்கள் 1834-லும் 1836-லும் வேலையை நிறுத்தினார்கள். காலப்போக்கில் அவர்கள் இடத்தை அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் குடியேறிகள் நிரப்பினார்கள். ஜப்பானில் பட்டு நூற்பாலைகளின் தரகர்கள் மலைக் கிராமத்துத் தகப்பனாரிடம் முன்பணம் கொடுத்து மகளை அழைத்துச் சென்றார்கள். அங்கே 1911-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் 1916-இல்தான் நடைமுறைக்கு வந்தது. நூலும் துணியும் வளர்ந்த நாடுகளிலெல்லாம் ஏழை வீட்டுத் திண்ணையில் ஒரு தரகர் அமர்ந்திருந்திருக்கிறார்.

ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க இன்னொரு திண்ணை முற்றிலும் வேறொரு துறையைச் சேர்ந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் அந்நாட்டுக் கால்பந்தில், பந்தை எறிபவரைக் காத்தும் அதைச் சுமந்து ஓடுபவருக்கு வழி திறந்தும் முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள். லைன்மேன் என்று அழைக்கப்படும் இவர்கள் பந்தைச் சுமந்து ஓடுவதே அரிது. அவர்களில் ஒருவர் தளர்ந்தாலும் ஆட்டம் முழுவதும் குலையும். திடமான உடற்கட்டுள்ள இத்தகைய இளைஞர்களைத் தேடிக் கல்லூரிப் பயிற்றுநர்கள் தொழில் நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் சென்று பெற்றோரிடம் பேசி அழைத்துவந்தார்கள். மறைமுகப் பணமும் பொய் உறுதிமொழியும் அதில் மலிந்திருந்ததைக் கார்னகி அறக்கட்டளையின் 1929-ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது. அதன்பின் பல பத்தாண்டுகளில், கல்வி உதவித்தொகைக்கு வரம்பு, எழுத்துமூல ஒப்பம், பயிற்றுநர் எந்த மாதங்களில் மாணவர் வீட்டுக்குச் செல்லலாம் என்னும் நாட்காட்டி என விதிகள் தடித்த நூலாக வளர்ந்தன. அவ்விதிகள் அநீதியை முற்றும் ஒழித்துவிடவில்லை. எனினும், ஒரு விளையாட்டணியின் முன்வரிசைக்கு இளைஞரைச் சேர்ப்பதற்கு ஒரு சமூகம் இத்தனை விதிகளை எழுதியிருக்க, பதினாறு வயதுப் பெண்ணின் மூன்றாண்டு வாழ்வை ஒரு தரகர் வாய்ச்சொல்லில் பேசி முடிக்க மற்றொரு சமூகம் இத்தனை காலம் இடம் கொடுத்திருந்தது என்பது நெஞ்சை உறுத்த வேண்டிய ஒப்பீடு.

தொலைதூர ரயில்

2000-ஆம் ஆண்டுக்குப்பின் தென்மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் போதுமான அளவு வரவில்லை. தமிழ்நாட்டில் கல்வி பரவியதும், பிறப்பு விகிதம் குறைந்ததும், சென்னை, ஓசூர் போன்ற இடங்களில் வேறு தொழில்கள் எழுந்ததும், திருப்பூரின் வாடகையும் குடிநீர்ச் செலவும் கூலியைத் தின்றதும் அதற்குக் காரணங்கள். 2005 ஜனவரியில் உலக ஆடை வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை, அதாவது ஒவ்வொரு நாடும் இவ்வளவே ஏற்றுமதி செய்யலாம் என்னும் வரம்பு நீங்கியபோது தேவை மேலும் உயர்ந்தது. நகரத்தின் கம்பெனி வாசல்களிலும் மின்கம்பங்களிலும் 'டெய்லர், செக்கிங், கைமடி தேவை' என்னும் அட்டைகள் நிரந்தரமாகத் தொங்கின. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருப்பூர் நகரத் தொகுதியின் மக்கள்தொகை 9.63 இலட்சமாக இருந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில், கழிவை முற்றும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. வேலையிழந்த குடும்பங்கள் பல லைன் வீடுகளைக் காலி செய்து ஊர் திரும்பின. ஆற்றைக் கெடுத்த தவறு அவர்களுடையது அன்று. அதன் தண்டனையில் பெரும்பங்கு அவர்களுக்கு வந்தது.

வெற்றிடத்தைப் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அஸ்ஸாம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் இளைஞர்கள் நிரப்பினார்கள். தன்பாத்திலிருந்து ஆலப்புழைக்குச் செல்லும் விரைவு ரயில் திருப்பூர் நிலையத்தில் நிற்கும்போது இறங்கும் கூட்டமே இந்த மாற்றத்தின் அன்றாட ஆவணம். முதலில் முகவர்கள் தலைக்கு இவ்வளவு என்று தரகு பெற்று அழைத்துவந்தார்கள். பின்னர், முன்னே வந்தவர் தம் ஊராரைக் கைபேசியில் அழைக்கும் பழைய உறவு வழியே மீண்டும் தழைத்தது. 2014-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் ஊரக இளைஞர் திறன் பயிற்சித் திட்டத்தின் வழியாக, ஒடிசா போன்ற மாநிலங்களில் தையல் பழகிய பழங்குடிப் பெண்கள் நேரே கம்பெனி விடுதிகளுக்கு வந்தார்கள். தொழிலில் நேரடியாக வேலை செய்யும் ஆறு இலட்சம் பேரில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிமாநிலத்தவர் என்பது தொழில் அமைப்புகளின் மதிப்பீடு.

இவர்களுக்கென ஒரு சட்டம் 1979 முதலே இருந்து வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் ஆட்களை அழைத்துவரும் ஒப்பந்ததாரர் உரிமம் பெற வேண்டும், பயணச் செலவும் இடப்பெயர்வுப் படியும் தர வேண்டும், தங்குமிடம் அமைக்க வேண்டும் என்று அது விதித்தது. அதன் கூறுகள் 2020-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. தாமாக வந்ததாகக் காட்டப்படும் தொழிலாளிக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டவில்லை. அதன் விளைவு 2020 மார்ச் மாதம் நாடு முடக்கப்பட்டபோது வெளிப்பட்டது. யார் எத்தனை பேர், எந்த ஊரினர், யார் பொறுப்பில் இருப்பவர் என்னும் கணக்கு முழுமையாக எவரிடமும் இல்லாத நிலையில், பூட்டிய லைன் வீடுகளில் அரிசிக்கும் ஊர் திரும்பும் ரயிலுக்கும் அவர்கள் காத்திருந்தார்கள். மே மாதம் முதல் சிறப்பு ரயில்கள் அவர்களை ஏற்றிச் சென்றன. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது திருப்பூர் மீண்டும் அஞ்சியது. தமிழக அரசும் தொழில் அமைப்புகளும் இந்தியிலேயே விளக்கம் அளித்தன, பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்துச் சென்றது. சில நிமிடக் காணொளி ஒரு நகரத்தின் லைன்களை வெறிச்சோடச் செய்யும் ஆற்றல் பெற்றதற்குக் காரணம், அத்தொழிலாளர்களுக்கு இவ்வூரில் நம்பித் திரும்பிப் பார்க்க ஒரு முகமும் இல்லாதிருந்ததே.

சொல்லும் பொறுப்பும்

நூறாண்டை ஒருசேர நோக்கும்போது ஒரு போக்கு தெளிவாகிறது. உறவினர் அழைத்துவந்த காலத்தில் ஊர் சாட்சியாக இருந்தது. கான்ட்ராக்டர் அழைத்துவந்த காலத்தில் அவருடைய பெயர் சாட்சியாக இருந்தது. தரகர் அழைத்துவந்த காலத்தில் ஒரு துண்டறிக்கை மட்டுமே சாட்சியாக இருந்தது. ரயில் அழைத்துவந்த காலத்தில் அதுவும் இல்லை. பழைய சாட்சிகளுக்குத் திரும்புவது தீர்வாகாது, ஏனெனில் ஊர் என்னும் சாட்சி தன் சாதிக்கு வெளியே இருந்தவருக்காக என்றும் பேசியதில்லை. அந்த இடத்தை எல்லோருக்கும் பொதுவான சாட்சிகளே நிரப்ப முடியும். சேர்க்கப்படும் ஒவ்வொருவர் கையிலும் அவர் படிக்கும் மொழியில் வேலையும் கூலியும் எழுதிய தாள், அவர் பெயர் நிற்கும் பதிவேடு, சேமநல நிதியும் மருத்துவக் காப்பும், குடும்பத்தோடு வாழத்தக்க வீடு, அவர் பிள்ளைக்கு இடம் தரும் பள்ளி ஆகியவை அந்தச் சாட்சிகள்.

இவற்றை ஈகையாகக் கருதுவது வரலாற்றைத் தவறாகப் படிப்பதாகும். திருப்பூரில் மூலதனம் முதலில் வந்து ஆட்கள் பின்னால் வரவில்லை. உழைக்க வந்தவர்களில் ஒரு பகுதியினரே இத்தொழிலின் முதலாளிகளானார்கள். ஒரு தலைமுறைக்கு முன் சைக்கிளில் கம்பெனிக்கு வந்த உழவர் மகனுக்குத் திறந்த கதவு, தன்பாத் ரயிலில் வந்திறங்கும் உழவர் மகளுக்கும் திறந்திருக்கிறதா என்பதே இந்நகரம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. சென்னிமலையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஓர் இளைஞரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஊர் இது. லைனில் நிற்கும் மற்றவர்களின் பெயர்களையும் பதிவேட்டில் எழுதிக்கொள்வது அந்த மரபின் தொடர்ச்சியே ஆகும்.